கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு களப்பணிப் பொறுப்புக்கு வந்திருக்கும் பெண் பேசினாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். நலம் விசாரித்துவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், பாடத்திட்டத்தைச் சுருக்கப் போறாங்க. பிள்ளைகளோட கள அறிக்கையில கடைசிப் பக்கம் ஒண்ணு இருக்குல்ல, வாசிப்புப் பக்கம், அதை எடுத்துரலாமான்னு கேக்கறாங்க. எதுக்காக அதை வச்சாங்கன்னு கோப்புல ஒண்ணுமே இல்ல. நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

இரண்டு வரியில் எழுதிவிட முடிந்திருந்தால் பணியில் இருக்கும்போதே எழுதியிருப்பேன். எழுதத் துணியாததால்தான் கோப்பில் ஒன்றும் இல்லை. சரி என்று சொல்லி போனை வைத்தேன். 

என் சொந்த ஊர் ஆமத்தூர். வீட்டில் நிலம் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார்கள். சமூகவியல் படித்தேன், இரண்டு கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளினேன், கடைசியில் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் 'பன்னாட்டுப் பூர்வகுடி ஆய்வுகள்' என்று முதுகலைப் படிப்பு தொடங்கியபோது அதில் ஒட்டிக்கொண்டேன். படிப்பின் பெயரைக் கேட்டு எங்கள் சித்தப்பா, "ஏம்மா, இதப் படிச்சா எந்தக் காட்டுல வேல போட்டுக் குடுப்பாக?" என்றார். எனக்கும் பதில் தெரியாது. வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

மாணவர்களில் பாதிப் பேர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். வேறு படிப்பில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்தான் அதிகம். நியூசிலாந்தின் மாவோரிகள், வடதுருவத்துக்கு அருகே கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், வட அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாம் எங்கள் பாடத்தில் வருவார்கள். அந்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி நான் குரல் தழுதழுக்க நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், நாரணாபுரத்துப் பெண் ஜெயராணி எழுந்தாள்.

"மேடம், அவுகள வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சுட்டுப் போனாக. எங்க அம்மாவ பள்ளிக்கூடத்துல இருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் பிடிச்சுட்டுப் போனாக. இதுல எது மேடம் மோசம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள்தான் இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகிறாள்.

துறைத் தலைவர் மரகதம் மேடம். வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்து ஆராய்ச்சி செய்தவர். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு தடவைதான். "நான் எழுதினதை அந்த ஊர்க்காரங்க சபையில வச்சுக் கிழிச்சாங்க. கிழிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு தெரிஞ்சது." அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் முன்னட்டையைப் பார்க்கவே மாட்டார். அப்படியே குப்புறக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். கையில் ஒரு பென்சில் துண்டு இருக்கும். சிவப்பு மை அவர் தொட்டதே இல்லை. கடைசிப் பக்கம் சரியில்லை என்றால் ஒற்றை விரலால் அறிக்கையை மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் கண்டிப்பு. அந்த விரலுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

களப்பணிக்கு மூன்று தடவை போக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. முதல் தடவை நோட்டுப் புத்தகம் கொண்டுபோகக் கூடாது. சும்மா போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். இரண்டாம் தடவை எழுதிக்கொள்ளலாம். மூன்றாம் தடவை, எழுதி முடித்த அறிக்கையை யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடமே உட்கார்ந்து முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். சுருக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, "இதுல எது தப்பு?" என்று கேட்க வேண்டும். "சரியா?" என்று கேட்கக் கூடாது. கல்லூரிப் பையோடு வருகிறவர்கள் என்ன கேட்டாலும் நம் சனம் சரி என்றுதான் சொல்லும் என்பார்.

அந்த வாசிப்பின் கணக்குதான் கடைசிப் பக்கம். எங்கே வாசித்தது, யார் யார் கேட்டார்கள், எதை மறுத்தார்கள், என்ன திருத்தினோம், கீழே களப்பணி ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து. கேட்டவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டாம் என்றார். தாளை நீட்டினால் ஏதோ பத்திரம் என்று சனம் மிரண்டுவிடும் என்பது அவர் கவலை. ஒருங்கிணைப்பாளர் நான். என் ஒரு கையெழுத்தை நம்பித்தான் அந்தப் பக்கம் நின்றது. மறுப்பு என்ற இடம் காலியாக இருந்தால் மேடத்தின் விரல் நீளும்.

"யாருமே எதையுமே மறுக்கலைன்னா, நீங்க வாசிக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

ஜெயராணி கள ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அச்சங்குளத்துப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்த, பளியர் என்னும் மலைப் பழங்குடிக் குடும்பம். மேற்கு மலையிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்பு இறங்கி வந்தவர்கள். அந்தக் குடும்பத்து அம்மா பட்டாசு வேலைக்குப் போனார். இங்கே அவரைக் கருப்பாயி என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. இந்தப் பெயரைப் போடச் சொன்னது அவர்தான். கணவர் இல்லை. மகாலட்சுமி என்று ஒரே மகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெயரும் அப்படித்தான்.

ஜெயராணி இரண்டு தடவை போய் வந்து, நன்றாக எழுதியிருந்தாள். அவள் வரைவில் ஒரு வரி இருந்தது: "அந்த வீட்டில் மலை வாழ்க்கைக்குரிய பொருளோ வழக்கமோ எதையும் நான் பார்க்கவில்லை." நான் அதை அடித்துவிட்டு, "இக்குடும்பத்தினரிடம் மலை வாழ்க்கைக்குரிய பொருளோ வழக்கமோ எதுவும் எஞ்சவில்லை" என்று மாற்றினேன். ஆய்வறிக்கையில் 'நான், எனது' எல்லாம் வரக் கூடாது என்று அவளுக்குப் பாடம் வேறு எடுத்தேன். உலகம் முழுக்கப் பூர்வகுடிகள் எதை எதை இழந்தார்கள் என்று படித்துப் படித்து, இழப்பு என்றால்தான் எங்களுக்கு ருசித்தது. பக்கவாட்டில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன். அந்த எழுத்து இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாம் தடவை போக வேண்டிய நேரம் தீபாவளி சீசன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. விடியும் முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அவ்வளவுக்கு வயிற்றில் அடித்த மாதிரி.

"சீசன்ல போயி அவுகளப் பிடிச்சு உக்கார வைக்கிறது பாவம். விட்டுரு" என்றேன்.

"போகாம எப்படி மேடம்? நான் வேன் ஏறுற எடத்துக்குப் போயிக் கேட்டுப் பாக்கட்டுமா? எங்க அம்மாவும் அந்த வேலைதான. எந்நேரம் போனா பேசலாம்னு எனக்குத் தெரியும் மேடம்."

"அறிக்கை வைக்கக் கடைசி நாள் நாளைக்கழிச்சு. நீ போயி வரணும், திருத்தணும், டைப் பண்ணணும். முடியுமா?"

 நான் சொன்னது இரக்கம் மட்டும்தானா என்று பிறகு பல தடவை யோசித்துவிட்டேன். கொஞ்சம் இரக்கம். கொஞ்சம் அசதி. இன்னும் கொஞ்சம், எங்கள் ஆமத்தூர் வீட்டில் வளர்ந்த புத்தி: வாசித்தால் மட்டும் அவர்களுக்கு என்ன விளங்கப்போகிறது என்கிற நினைப்பு. வகுப்பில் மாவோரிகளுக்காகத் தழுதழுத்த அதே வாய்தான் இதையும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டது.

கடைசிப் பக்கத்தை நானே நிரப்பினேன். இடம்: அவர்கள் வீடு. கேட்டவர்கள்: கருப்பாயி, மகள் மகாலட்சுமி. மறுப்பு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. காலியாக விட்டால் விரல் நீளுமே. கொஞ்ச நேரம் யோசித்து, "வீட்டின் கூரை தகரம் என்று எழுதியிருந்தது, சிமென்ட் ஷீட் என்று கூறினர், திருத்தப்பட்டது" என்று எழுதினேன். அதற்கேற்ப உள்ளேயும் கூரையை மாற்றினேன். கையெழுத்துப் போட்டேன்.

மரகதம் மேடம் வழக்கம்போல அறிக்கையைக் கவிழ்த்தார். படித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? வாசிச்சுக் காட்டினாத்தான் கூரை என்னன்னே தெரியுது" என்றார். நானும் ஆமாம் மேடம் என்றேன். ஜெயராணி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் மேடம் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்த ஆண்டு ஒரு மத்தியானம் கருப்பாயியும் மகளும் துறைக்கு வந்தார்கள். அம்மா கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் சேர விண்ணப்பித்திருந்தாள். பழங்குடிச் சான்று இருந்தால் இடம் கிடைத்த மாதிரிதான். மலையை விட்டு இறங்கும்போது இவர்கள் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. அலுவலகத்தில் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க எங்களப் பத்தி ஒரு புத்தகம் எழுதுனீகள்ல டீச்சர், அது வேணும். ஆபீசுல ஆதாரம் ஆதாரம்னு கேக்காக. காலேசுல எங்கள மலை ஆளுகன்னு எழுதியிருக்காகன்னு சொன்னேன். கொண்டாங்கன்னுட்டாக" என்றார் கருப்பாயி.

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நம் படிப்பு ஒருவருக்குப் பயன்படுகிறதே! அறிக்கையை நகல் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் துறை முத்திரை குத்தி, உண்மை நகல் என்று சான்றொப்பமும் போட்டுக் கொடுத்தேன். அதை ஒரு தடவை படித்துப் பார்க்கக்கூட இல்லை. தலைப்பில் பளியர் என்று இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். கருப்பாயி அதை இரண்டு கையாலும் வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். சேவை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துப் பெருமை பேசினேன்.

சில வாரம் கழித்து மகாலட்சுமி மட்டும் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு காகிதத்தைப் பிரித்து அவளே வாசித்தாள். மனுதாரர் தாக்கல் செய்த கல்லூரி ஆய்வறிக்கையிலேயே, அக்குடும்பத்தினரிடம் மலை வாழ்க்கைக்குரிய பொருளோ வழக்கமோ எதுவும் எஞ்சவில்லை என்று தெளிவாகக் கூறப்பட்டிருப்பதாலும், அவ்வறிக்கை மனுதாரரின் தாயாருக்கும் மனுதாரருக்கும் வாசித்துக் காட்டப்பட்டு அவர்களால் மறுக்கப்படாததாலும், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நானும் கேட்டேன்னு போட்டிருக்கு. எப்ப டீச்சர் வாசிச்சீக?"

நான் அந்தக் காகிதத்துக்குக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"எங்க வீட்டுக் கூரை தகரம்தான் டீச்சர்" என்றாள். சத்தமே உயரவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அறிக்கை வாசித்துக் காட்டப்படவில்லை, அந்த வரி என் திருத்தம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். சான்றொப்பம் போட்டவரே அதைப் பொய் என்றால் இந்தக் கடிதத்தை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கல்லூரியில், இனிமேல் இதைப் பற்றி எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார்கள். மேல்முறையீடு போட்டோம். விசாரணையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்றைக்கும் விசாரணையில்தான் இருக்கிறது. நர்சிங் சேர்க்கை அந்த மாதமே முடிந்துவிட்டது.

மரகதம் மேடத்துக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். 

"அந்தக் கூரை?" என்றார்.

"நானா எழுதினது மேடம்."

போனை வைத்துவிட்டார். அந்த விரல் கடைசியாக என்னைத்தான் தள்ளியது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் முடிந்த பிறகு, அறிக்கையைத் தூக்கிக்கொண்டு கருப்பாயி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். "வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீக" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விதிப்படி வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி எது தப்பு என்று கேட்டேன். எதுவும் எஞ்சவில்லை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அரிசி டிரம்மை நகர்த்தி, அதன் பின்னால் இருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்து அவிழ்த்தார்.

அதில் என்ன இருந்தது என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"அந்தப் பிள்ள வந்தப்ப ஏன் காட்டலைன்னு கேக்கப்போறீக" என்றார். "இந்த வரிசையில எங்கள என்ன ஆளுகன்னு யாருக்கும் தெரியாது டீச்சர். தெரிஞ்சா வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வச்சிருக்க மாட்டாரு. கம்பெனியில கூட வேல பாக்குறவளுக 'காட்டுக்காரி'ம்பாளுக. வருசத்துக்கு ஒருக்க மலைக்குப் போறோம். கேட்டவுகளுக்குச் சொந்தக்காரக வீட்டுக் கலியாணம்னு சொல்லிருவேன். ரெண்டு தடவ வந்த பிள்ளகிட்ட எப்படிக் காட்ட? மூணாந் தடவ வந்திருந்தா, அதுல ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்குன்னு வாசிச்சிருந்தா, அப்பச் சொல்லியிருப்பேன். சும்மாவா இருந்திருப்பேன்?"

மூன்றாம் தடவைக்கு என்ன அவசியம் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தராததை அந்த அம்மா சொன்னார். நான் அங்கேயே அழுதேன். அவர் அழவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் படிவத்தை மாற்றினேன். ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து செல்லாது, கேட்டவரே கையெழுத்திட வேண்டும் என்று போட்டேன். காரணம் எழுதவில்லை. எழுதினால் என் பெயர் வருமே. எனக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்குச் சால்வை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, 'விளிம்புநிலை மக்களின் குரல்' என்று பேசி வழியனுப்பினார்கள். ஜெயராணி அந்த விழாவுக்கு வரவில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள் என்று கேள்வி. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. மகாலட்சுமி அம்மாவோடு அதே வேனில் ஏறுகிறாள். வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. ஒவ்வொரு தடவை எங்காவது ஆலையில் விபத்து என்று செய்தி வரும்போதும் முதலில் ஊர்ப் பெயரைப் பார்க்கிறேன். இத்தனை காலம் சம்பளம் வாங்கி நான் பார்த்த வேலைக்கு மிச்சம் இதுதான்.

அந்தப் பக்கம் எதற்கு என்று போனில் கேட்டாயே அம்மா, இதற்குத்தான். எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் பாடு. எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் விதியை நான் ஒரு தடவையாவது முழுசாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இங்கே எழுதியதை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளம் போனேன். மகாலட்சுமி தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனவள், நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. கருப்பாயி உட்கார்ந்து கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் எது தப்பு என்று கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். மூட்டையைப் பற்றி எழுதியிருந்த பத்தி வந்ததும், "அத எடுத்துருங்க டீச்சர். எங்களோடது எங்களோட இருக்கட்டும்" என்றார். அவர் முன்னாலேயே அடித்தேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார்.

கடைசிப் பக்கத்தையும் கொண்டுபோயிருந்தேன். நான் மாற்றி வைத்த படிவம்தான். மறுப்பு என்ற இடத்தில் இரண்டு திருத்தத்தையும் எழுதினேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கம்பெனியில் வாரா வாரம் போடுகிறவர்தான். பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை.

"எதுக்கு டீச்சர்?" என்றார். "போன தடவ நீங்களேதான போட்டுக்கிட்டீக."